சைக்கடெலிக் சிகிச்சை ஆய்வுகளில் நம்மைப் போன்றவர்கள் எங்கே?

தகடூர்வாசி எழுதியது:

2018-இல் ‘பிஎம்சி சைக்கியாட்ரி’ இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்றை இந்த வாரம் படித்தேன். செவிலியர் மாணவிகளுக்கு மனநலப் பாடம் நடத்துபவள் என்பதால் இப்படிப்பட்டவற்றைத் தேடிப் படிப்பது வழக்கம். 1993 முதல் 2017 வரை நடந்த 18 சைக்கடெலிக் சிகிச்சை ஆய்வுகளில் யார் யார் சேர்க்கப்பட்டார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 282 பேர். அவர்களில் 82.3 சதவீதம் வெள்ளையர். கறுப்பினத்தவர் 2.5. லத்தீன் அமெரிக்க வழியினர் 2.1. ஆசிய வழியினர் 1.8 சதவீதம், அதாவது ஐந்து பேர். ஜப்பான் முதல் இலங்கை வரை அத்தனை நாட்டு வம்சாவளிக்கும் சேர்த்து ஐந்தே பேர்.

அறியாதவர்களுக்காக: சில காளான்களில் உள்ள சைலோசைபின், ஆய்வுக்கூடத்தில் தயாராகும் எம்டிஎம்ஏ போன்ற, மனநிலையையும் உணர்வையும் சில மணி நேரம் மாற்றும் பொருள்களைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் முன்னிலையில், பேச்சுச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுப்பதுதான் இது. வீட்டுக்கு வாங்கிச் சென்று விழுங்கும் மாத்திரை இல்லை. எம்டிஎம்ஏ ஆய்வுகளில் மருந்து கொடுக்கும் அமர்வுகள் மூன்று. ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம். பக்கத்தில் இரண்டு சிகிச்சையாளர்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேர உரையாடல்கள் பல. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இதைக் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஆகஸ்டில் எம்டிஎம்ஏவுக்கு அனுமதி மறுத்து, இன்னோர் ஆய்வு நடத்தி வரச் சொன்னது.

மற்ற இனத்தவர் குறைவாக இருப்பதை, “அவர்களுக்கு இந்தச் சிகிச்சையின் மேல் நம்பிக்கை இல்லை” என்று சொல்லிப் பலர் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது வராதவர்கள் மீதே பழியைப் போடுவதாகப் படுகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நம் மாவட்டங்களுக்கு இப்படி ஓர் ஆய்வு வந்தால் யார் சேர்வார்கள், யார் ஒதுங்குவார்கள்?

ஓசூர்_லேத் எழுதியது:

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் அக்கா. இது போதைப்பொருளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டும் வேலை. என் பட்டறைப் பையன்கள் விடுமுறை வந்தால் கொடைக்கானலுக்கு ஓடுகிறார்கள். பூம்பாறை முருகனைக் கும்பிடுவதற்கு என்று நினைக்கிறீர்களா? காளானுக்கு. இதில் நம் ஆட்கள் ஐந்து பேர்தான் என்றால் எனக்கு மகிழ்ச்சி. அந்த ஐந்து பேரும் ஏன் போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

மாங்கனி_மருந்தகம் எழுதியது:

கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் சண்டை போடலாம்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் எல்எஸ்டி (ஆய்வுக்கூடத்தில் தயாராகும் இன்னொரு சைக்கடெலிக்), சைலோசைபின், எம்டிஎம்ஏ மூன்றும் இருக்கின்றன. எந்த மருத்துவரும் சீட்டு எழுத முடியாது, எந்தக் கடையிலும் விற்க முடியாது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், இயற்கையாக விளையும் காளானைப் போதைப்பொருள் கலவையாகக் கணக்கிட முடியாது என்று சொன்னது. அதை வைத்து “காளான் சட்டப்படி சரியாகிவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிடிபட்ட பொருளின் எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றிய பேச்சு அது. அதை நம்பிக் காட்டுக்குள் இறங்கினால் ஜாமீன் எடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

கெட்டமின் வேறு. அறுவை அரங்கில் நெடுங்காலமாகப் பயன்படும் மயக்க மருந்து. அதுவும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு, கடும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் ‘எக்ஸ்’ அட்டவணையிலும் உண்டு. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். ஆனாலும் மருத்துவர் சட்டப்படி பயன்படுத்தலாம். மனச்சோர்வுக்குக் கெட்டமின் கொடுக்கும் இடங்கள் பெங்களூரில் இருக்கின்றன. கறாராகப் பார்த்தால் அது சைக்கடெலிக் வகையே அல்ல, பேச்சில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. எம்டிஎம்ஏவைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் முக்கியமானது சிஒய்பி2டி6. அதன் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். எந்த வகை எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பது இனத்துக்கு இனமும் மாறும். ஆகவே ஐந்து பேரை வைத்து ஆசியாவுக்கெல்லாம் அளவு சொல்லிவிட முடியாது. தகடூர்வாசியின் கவலை மனத்தாங்கல் மட்டும் அல்ல, மருந்தியல் சார்ந்ததும்கூட.

கடல்கடந்த_ஊத்தங்கரை எழுதியது:

ஓசூர் அண்ணா, அந்த ஐந்து பேர் ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் ஏன் போகமாட்டார்கள் என்று சொல்கிறேன், ஏனென்றால் நானே அந்த மற்றவர்களில் ஒருவன்.

ஒரிகன் மாநிலத்தில் 2020-இல் மக்கள் வாக்களித்துச் சைலோசைபின் மையங்களுக்கு வழி செய்தார்கள். உரிமம் பெற்ற இடம், பயிற்சி பெற்ற ஆள், எல்லாம் முறைப்படி. மாநிலச் சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் ஒன்றிய அரசின் சட்டத்தில் அது இன்றும் தடை செய்யப்பட்ட பொருள்தான். விசாவும் பச்சை அட்டையும் கொடுப்பது ஒன்றிய அரசு. என்னைப் போல் வேலை விசாவில் இருக்கிற ஒருவன் “ஆம், எடுத்துக்கொண்டேன்” என்று குடிவரவு அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால், தண்டனை எதுவும் பெறாமலேயே நாட்டுக்குள் வரும் தகுதியை இழக்கலாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கு இந்தப் பயம் தேவையே இல்லை. வார இறுதியில் போகிறார், திங்கட்கிழமை அலுவலகத்தில் அனுபவத்தை விவரிக்கிறார். நான் காபியைக் கலக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வில் சேர்ந்தால் சட்டச் சிக்கல் இல்லை, உண்மை. ஆனால் மருத்துவக் கோப்பில் மனநோய் என்று ஏறுவதையே நம் ஆட்கள் விரும்புவதில்லை. ஊரில் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் ஒரு கேள்வித்தாளில் “சைக்கடெலிக் குறித்த எதிர்மறை மனப்பான்மை” என்று ஒரு கட்டத்துக்குள் டிக் செய்துகொண்டு போய்விடுவார்கள்.

ஓசூர்_லேத் எழுதியது:

கோப்பில் ஏறக்கூடாது, விசா போகக்கூடாது. இந்தப் பயம் நல்ல பயம்தானே தம்பி? நல்ல வேளை, பயந்தீர்கள்.

தளி_ரோடு எழுதியது:

மனநல சமூகப் பணியாளர். பயின்றது பெங்களூரில், பணி தேன்கனிக்கோட்டைப் பக்கம். பயத்தைப் பற்றியே பேச்சு போவதால், கறுப்பின அமெரிக்கர்களின் பயத்துக்குப் பின்னால் இருப்பதை எழுதுகிறேன். அது வதந்தி அல்ல, ஆவணம்.

1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில், சிபிலிஸ் கண்ட ஏறக்குறைய 400 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை என்ற பெயரில் அழைத்து வைத்துக்கொண்டு, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் சுகாதாரத்துறை கவனித்துக்கொண்டிருந்தது. இது பலருக்குத் தெரியும். லெக்சிங்டன் பலருக்குத் தெரியாது. கென்டக்கி மாநிலத்தில் போதைக்கு அடிமையான கைதிகளை வைத்திருந்த மருத்துவமனை ஒன்றில் 1950களில் எல்எஸ்டி சோதனை நடந்தது. பணம் கொடுத்தது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ. உட்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிலருக்குத் தொடர்ச்சியாக 77 நாள் எல்எஸ்டி கொடுத்தார்கள். கூலி என்ன தெரியுமா? எந்தப் போதையிலிருந்து மீட்பதற்காக அவர்களை அங்கே வைத்திருந்தார்களோ, அதே போதை.

ஆக, அந்த இனத்தவர் மேல் இந்த மருந்து முன்பே சோதிக்கப்பட்டிருக்கிறது. சம்மதம் கேட்கும் முறை வந்த காலத்து ஆய்வுகளில்தான் அவர்கள் 2.5 சதவீதம்.

இதோடு சட்டம். 1986-இல் கொண்டுவந்த அமெரிக்கச் சட்டத்தில், 5 கிராம் கிராக் கொக்கெயினுக்கும் 500 கிராம் தூள் கொக்கெயினுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை. கிராக் வழக்குகளில் சிறை சென்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010-இல் தான் அந்த 100க்கு 1 என்பதை 18க்கு 1 ஆகக் குறைத்தார்கள். அண்ணன் தம்பியைப் பறிகொடுத்த வீட்டில் போய், “சட்டம் தடை செய்த இன்னொரு பொருளை இப்போது மருந்தாகத் தருகிறோம், வாருங்கள்” என்றால் என்ன சொல்வார்கள்?

இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த ஆய்வுகளில் மனச்சிதைவு வரலாறு உள்ளவர்களையும், பல இடங்களில் குடும்பத்தில் அது உள்ளவர்களையும் விலக்குவார்கள். பாதுகாப்புக்காக, அது சரியும்கூட. ஆனால் அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு மனச்சிதைவு என்று முத்திரை குத்துவது வெள்ளையரைக் காட்டிலும் அதிகம் என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. முதலில் தவறான நோய்ப்பெயர். பிறகு அந்தப் பெயரைக் காட்டி வாசலிலேயே நிறுத்தம். விண்ணப்பித்தவரையும் சேர்த்தே “வரவில்லை” என்று எண்ணுகிறோம்.

சித்தேரி_அடிவாரம் எழுதியது:

தளி ரோடு எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மலையாளிப் பழங்குடி. வாச்சாத்திக்குப் பக்கம்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் வந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆயிற்று.

எம்டிஎம்ஏ ஆய்வு எந்த நோய்க்கு? கொடுமைக்குப் பின் வரும் மனவடு நோய்க்கு. சரி, எங்கள் பக்கத்தில் அந்த நோய் இல்லாமலா இருக்கும்? உலகத்தரமான ஆய்வு ஒன்று நாளைக்கு அரூருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்கி நிற ஜீப்பில், அரசு முத்திரை போட்ட தாளோடு, “இதை விழுங்கிவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் படுங்கள், நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம்” என்று ஒருவர் சொன்னால் என் பெரியம்மா படுப்பார் என்று நினைக்கிறீர்களா? படுக்கக்கூடாது என்பேன் நான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் காளான் யாருடைய அறிவு? மெக்சிகோவில் மசாட்டெக் பழங்குடி மருத்துவச்சி மரியா சபினா. 1955-இல் அமெரிக்க வங்கியாளர் வாசன் அவரது இரவுச் சடங்கில் கலந்துகொண்டார். 1957-இல் ‘லைஃப்’ இதழில் எழுதினார். 1958-இல் சுவிஸ் வேதியியலாளர் ஹாஃப்மன் அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். பிறகு ஊருக்குள் வெளியாட்கள் வெள்ளம். போலீஸ் வந்தது, சொந்த ஊர்க்காரர்கள் பகைத்தார்கள், மரியா சபினாவின் வீடு எரிந்தது. இன்று அதே பொருளைச் சுற்றிக் காப்புரிமைகள். இதே போல மனத்தை மாற்றும் பெயோட்டே கள்ளியையாவது எங்கள் வழிபாட்டுக்கு விட்டுவையுங்கள் என்று அமெரிக்கப் பழங்குடியினர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழங்குடியினருக்கு “சைக்கடெலிக் மேல் நம்பிக்கை இல்லை” என்று அளந்து சொல்ல வருகிறவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அவர்கள் நம்பாதது காளானை அல்ல.

ஓசூர்_லேத் எழுதியது:

வாச்சாத்தி கொடுமை. மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பேச்சு எடுத்தாலும் அரசு மேல் சந்தேகம் என்று முடித்தால் போலியோ சொட்டு மருந்தும் போட முடியாது, பிரசவத்துக்கு ஆம்புலன்ஸும் கூப்பிட முடியாது. சந்தேகத்துக்கும் ஓர் எல்லை வேண்டாமா?

சித்தேரி_அடிவாரம் எழுதியது:

எங்கள் ஊரில் சொட்டு மருந்து போடுகிறோம் அண்ணா. ஊர்ப் பெயர் தெரிந்த, வீட்டுக்கு வீடு வருகிற கிராம சுகாதார செவிலியர் போடுகிறார். அதே ஆள், அதே முகம், ஆண்டுக்கணக்கில். அதனால்தான் போடுகிறோம்.

தகடூர்வாசி எழுதியது:

இந்த இரண்டு பதிவுகளுக்கு நடுவில்தான் என் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

ஊத்தங்கரைத் தம்பி சொன்ன கேள்வித்தாள் விஷயம் உண்மை. மனப்பான்மையை அளக்கும் கருத்துக்கணிப்புகள் பலவும் இணையத்தில், ஏற்கெனவே இதில் ஆர்வம் உள்ளவர்களிடையே நடக்கின்றன. ஆனால் ஆள் சேர்ப்பவர்கள் மனம் வைத்தால் எண்ணிக்கை மாறுகிறது என்பதற்கும் சான்று உண்டு. எம்டிஎம்ஏ மூன்றாம் கட்டத்தின் இரண்டாவது ஆய்வு 2023-இல் வெளிவந்தது. 104 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெள்ளையர் அல்லாதவர். சில ஆண்டுகளுக்குள் ஒரு சமூகத்தின் மனப்பான்மையா தலைகீழாகிவிட்டது? தேடிப் போனார்கள், வந்தார்கள். ஒட்டாவா பல்கலைக்கழகத்து உளவியலாளர் மோனிகா வில்லியம்ஸ் போன்ற கறுப்பின ஆய்வாளர்கள் இதைத்தான் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார்கள்: சிகிச்சையாளர் யார், அவர் இன ஒதுக்கல் தந்த காயத்தைக் காயமாக ஏற்பாரா என்பதைப் பொறுத்தது எல்லாம்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே தோல் நிறத்தைவிடச் சாதி. மருந்தின் பிடியில் மனம் திறந்து கிடக்கும் ஒருவர், தன்னைத் தெருவுக்குள் விடாதவர்களைப் பற்றி அழுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர் அந்தத் தெருக்காரர் என்றால்? பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டால் “நாங்கள் சாதி பார்ப்பதில்லை” என்று பதில் வரும். பார்ப்பதில்லை என்பவரிடம் அதைப் பற்றிப் பேசவும் முடியாது.

மொழி இன்னொன்று. தேன்கனிக்கோட்டைப் பகுதியில் வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ், இன்னொரு தெருவில் உருது. சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடித்தால் போதும் என்று சென்னையிலிருந்து நினைப்பார்கள். எட்டு மணி நேர அமர்வின் நடுவில் ஒருவருக்கு அம்மாவின் மொழிதான் வாயில் வரும்.

தளி_ரோடு எழுதியது:

ஒரு சேர்க்கை. அந்த அறையில் மருந்து உண்டவரால் எழுந்து போகக்கூட முடியாது. கனடாவில் நடந்த எம்டிஎம்ஏ ஆய்வு ஒன்றில் சிகிச்சையாளர் இருவர் நோயாளியிடம் எல்லை மீறி நடந்துகொண்ட காணொளி பின்னர் வெளிவந்தது. அதையொட்டி 2024 ஆகஸ்டில் ‘சைக்கோஃபார்மகாலஜி’ இதழ் மூன்று எம்டிஎம்ஏ கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. மரியாதைக்குரிய நாடு, நெறிமுறைக் குழு, கேமரா எல்லாம் இருந்தும் நடந்தது. ஆகவே ஒதுங்கி நிற்பவர்களை அறியாமை என்று சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே நேரத்தில் சித்தேரி நண்பரிடம் ஒன்று சொல்ல வேண்டும். “படுக்கக்கூடாது” என்று பெரியம்மாவுக்காக நீங்கள் முடிவு செய்வதும் எனக்கு உறுத்துகிறது. இந்த மருந்து உண்மையிலேயே பயன் தருவதாக நிலைநாட்டப்பட்டால், அதிகம் காயப்பட்டவர்களே கடைசியில் நிற்பார்கள். அவர்களுக்காக மற்றவர்கள் எப்போதும் முடிவு செய்கிறார்கள். முன்பு அதிகாரி, இப்போது நாம்.

சித்தேரி_அடிவாரம் எழுதியது:

ஒப்புக்கொள்ள மாட்டேன். அதிகாரியும் நானும் ஒன்றல்ல. கேட்டால் பெரியம்மா என்னைத்தான் கேட்பார்.

காரிமங்கலம்_பூ எழுதியது:

நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் பூ வியாபாரம் செய்கிறேன். என் மகனுக்கு 24 வயது. மனச்சோர்வு என்று மாத்திரை சாப்பிடுகிறான். பெரிய முன்னேற்றம் இல்லை. ஒரு தனியார் மையத்தில் கெட்டமின் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். பல தடவை போட வேண்டுமாம், கேட்ட தொகைக்கு நகையை வைக்க வேண்டும். என் மாமியார் பக்கத்தில் இது செய்வினை, ஏர்வாடிக்குக் கூட்டிப் போ என்கிறார்கள். எது சரி என்று சொல்லுங்கள்.

ஓசூர்_லேத் எழுதியது:

அக்கா, ஏர்வாடிக்கு மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். நான் இந்தக் காளான் கூத்தை எதிர்க்கிறவன்தான். அதற்காகச் சங்கிலியை ஆதரிக்கிறவன் இல்லை.

தளி_ரோடு எழுதியது:

ஓசூர் அண்ணன் சொன்னது சரி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டவே கூடாது. நேர்த்திக்கடன் உங்கள் விருப்பம். கும்பிட்டுவிட்டு வாருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கெட்டமின் ஏமாற்று வேலை இல்லை. அதன் உறவுக்கார மருந்தான எஸ்கெட்டமினை, மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு எஃப்டிஏ 2019-இல் அனுமதித்தது. ஆனால் முதல் மாத்திரை கேட்கவில்லை என்றவுடன் அங்கே தாவுவதில்லை. இரண்டு வகை மாத்திரையையாவது உரிய அளவில், உரிய காலம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில், இதுவரை சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகள் அனைத்தையும் காட்டி இரண்டாவது கருத்துக் கேளுங்கள். அல்லது பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ். நகையை அதுவரை வீட்டிலேயே வைத்திருங்கள்.

மாங்கனி_மருந்தகம் எழுதியது:

அந்த மையத்திடம் கேட்க வேண்டியவை: ஊசி போடுவது மனநல மருத்துவரா, மயக்க மருந்து நிபுணரா, இருவருமா? ஊசியின்போதும் பிறகும் ரத்த அழுத்தம் யார் பார்ப்பார்கள்? அன்றைக்கே பைக் ஓட்டலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை ஊசிக்குப் பின் பலன் இல்லை என்றால் நிறுத்துவார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

கடல்கடந்த_ஊத்தங்கரை எழுதியது:

அம்மா, எல்லாரும் உங்களிடமே பேசிக்கொண்டிருக்கிறோம். மகன் என்ன சொல்கிறார்?

காரிமங்கலம்_பூ எழுதியது:

அவனுக்கு ஊசியும் வேண்டாம், கோயிலும் வேண்டாமாம். மருத்துவர் அவனிடம் பேசுவதே இல்லை, என்னிடம்தான் கேட்கிறார், சீட்டு எழுதுகிறார், அடுத்த ஆள் என்கிறார். பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்கிறான்.

தளி_ரோடு எழுதியது:

அப்படியானால் இன்றைக்கே 14416 எண்ணுக்கு அவரையே அழைக்கச் சொல்லுங்கள். டெலி மனாஸ், அரசுச் சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் பற்றி அவர் எப்போதாவது பேசியிருந்தால் அதற்குக்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தருமபுரிக்குப் போகும்போது, மருத்துவரைப் பார்த்த பிறகு அங்கே உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அந்தப் பணியிடங்கள் உண்டு. அறைக்குள் அவர் தனியாகப் போகட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள்.

காரிமங்கலம்_பூ எழுதியது:

சரிங்க. எண்ணை அவன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அமாவாசைக்குப் பூ வரத்து அதிகம், கடையை விட்டு வர முடியாது. அது முடிந்த மறுநாள் தருமபுரி போகிறோம். மனநலப் பிரிவு புறநோயாளிக் கட்டடத்தில் எந்தப் பக்கம் என்று யாராவது சொன்னால் நல்லது.